மேலிருந்தா, கீழிருந்தா

வல்லத்திராக்கோட்டை பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர், மடியில் லேப்டாப் பையை வைத்துக்கொண்டு, தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

“கையில அடியாங்க?” என்று கேட்டேன்.

“இல்லங்க. ஃபைபர் நெட் வருதுல்ல, அந்த மிஷினுக்குள்ள இருக்குற சர்க்யூட் போர்டை டிசைன் பண்றேன். நேத்து ஃபேக்டரிக்கு அனுப்பியாச்சு. வயர் சொருகுற ஒரு கனெக்டரை மேலருந்து பாத்து வரைஞ்சேனா, கீழருந்து பாத்து வரைஞ்சேனான்னு இப்பச் சந்தேகம். மாறியிருந்தா, கையைத் திருப்புனாக் கட்டவெரல் பக்கம் மாறுதுல்ல, அது மாதிரி எடது வலதாயிரும். அம்புட்டு போர்டும் குப்பைதான்.”

“தெறந்து பாத்தாத் தெரிஞ்சிருமே?”

“காலையிலேர்ந்து பாக்குறேங்க. சரியாத்தான் தெரியுது. அனுப்புறப்பவும் இப்படித்தாங்க சரியாத் தெரிஞ்சுச்சு.”

இறங்கியவர் எனக்குக் கையாட்டினார். ஆட்டிய கையையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் நெட் நின்றால் என் மனைவி கம்பெனிக்காரர்களைத் திட்டுகிறாள். நான் என் கையைத் திருப்பிப் பார்க்கிறேன்.