ஜெயபால் கொட்டிய மரத்தூள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எஃகு வால்வு செய்கிற ஒரு கம்பெனியில் ஜெயபால் ஸ்டோர் கீப்பர். கூடவே ‘சேஃப்டி கேப்டன்’ என்று ஒரு பட்டமும் உண்டு. அது படித்து வந்த பட்டமில்லை, குரலால் வந்தது. ஐயப்பன்தாங்கலில் அவர் குடும்பம் போகிற மாதா கோயிலில் ஞாயிறு தவறாமல் பைபிள் வாசகம் படிப்பவர் அவர்தான். மைக் நின்றுபோனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். கம்பெனியில் பாதுகாப்பு தினத்தன்று உறுதிமொழியை வரிவரியாகச் சொல்லித் தர ஒரு தொண்டை தேவைப்பட்டது. மேனேஜர் ஜெயபாலைக் கைகாட்டினார். பச்சை ஹெல்மெட் ஒன்றும் கொடுத்தார்கள். அதைப் போட்ட நாளிலிருந்து மனிதருக்கு நடையே மாறிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் சுறுசுறுப்பு. லேத் ஷெட்டில் எண்ணெய் சிந்தினால் போதும், யாராவது வழுக்கி விழுவதற்குள் ஜெயபால் மரத்தூள் மூட்டையோடு வந்து நிற்பார். தூளைக் கொட்டிப் பரப்பிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் எண்ணெயெல்லாம் அதில் ஏறிவிடும். பிறகு பெருக்கி அள்ள வேண்டியதுதான். ஒருமுறை ஆடிட்டுக்கு வந்தவர் இதைப் பார்த்துவிட்டு அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அவ்வளவுதான், அதற்குப் பிறகு எண்ணெய் சிந்தினாலும் மரத்தூள், டீ சிந்தினாலும் மரத்தூள்.

பெருக்கி அள்ளுவது பொன்னியம்மா. கான்ட்ராக்டில் வேலை பார்ப்பவள், முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பஸ் மாறி வருவாள். கம்பெனியில் ஜெயபாலைக் கிண்டல் செய்யும் துணிச்சல் அவளுக்கு மட்டும்தான். “இன்னா அண்ணாத்தே, ஊர்ல கீற மரத்தையெல்லாம் நீயே இழைச்சுட்ட போல கீதே!” என்பாள். ஜெயபாலுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். கூடப்பிறந்தவள் இல்லாத அவருக்கு அந்த ‘அண்ணாத்தே’ பிடித்திருந்தது.

வால்வுகளை நைட்ரிக் ஆசிட்டில் முக்கியெடுத்துத்தான் பளபளப்பாக்குவார்கள். அதைப் பற்றி வெளியிலிருந்து ஒருவர் வந்து ஒரு காலைப்பொழுது முழுக்க வகுப்பெடுத்தார். அந்த வகுப்பில் நம் கேப்டன் எங்கே இருந்தார் என்றால், கேட்டுக்கு வெளியே. மதியப் பிரியாணி இன்னும் வரவில்லையென்று போனில் கத்திக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டு அவர் உள்ளே வந்தபோது கைதட்டல் நடந்துகொண்டிருந்தது. அவரும் சேர்ந்து தட்டினார்.

போன ஆடி மாதம் ஒருநாள் காலை, ஆசிட் ஷெட்டுக்குள் கேன்களை ஏற்றிவந்த ட்ராலியின் சக்கரம் தரையிலிருந்த கம்பிமூடியில் சிக்கிக்கொண்டது. ஒரு கேன் சரிந்து விழுந்து வாய் பிளந்தது. ட்ராலியைத் தள்ளிய வேம்புலி அலறிக்கொண்டு வெளியே ஓடினான். அவன் செய்ததுதான் சரி. எல்லோரும் அப்படி வெளியேறி, காற்று வருகிற பக்கமாகத் தள்ளி நின்று, தீயணைப்புக்குப் போன் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். ஏதாவது கொட்டியே தீரவேண்டும் என்றால் வாசலிலேயே சிவப்பு வாளிகளில் மணல் தொங்கியது. அதன் பக்கம் யாரும் போகவில்லை. ஜெயபால் மரத்தூள் மூட்டையோடு வந்துவிட்டார்.

மூட்டையை வாசற்படியில் நின்றபடியே கவிழ்த்தார். “பொன்னியம்மா! வா, பரப்பித் தள்ளு!” என்று குரல் கொடுத்தார். பக்கத்து ஷெட்டிலிருந்த அவள் நீட்டுத் துடைப்பத்தோடு வந்தாள். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு உள்ளே போனாள். தூளைக் கொட்டியவர் வாசலில் நின்றார், தள்ளுகிறவள் உள்ளே நின்றாள். அந்த வித்தியாசம் அந்த நேரத்தில் அவர் கண்ணில் படவே இல்லை.

“அண்ணாத்தே, தரை சூடா கீது. பொகையுது பாரு.”

“ஒண்ணும் ஆவாது, பயப்படாத. சீக்கிரம் தள்ளு!”

நைட்ரிக் ஆசிட்டுக்கு மரத்தூள் என்பது அடுப்புக்கு விறகு மாதிரி. தூள் கருகிக் கொதித்தது. செங்கல் நிறத்தில் புகை கிளம்பி உத்தரத்தை மூடியது. பிறகு ஒரு மூலையில் தீயே பற்றிக்கொண்டது. பொன்னியம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தடுமாறி வெளியே வந்தாள். குனிந்து நின்று நெடுநேரம் இருமினாள். அப்புறம் இருமல் அடங்கிவிட்டது. முகம் கழுவிக்கொண்டு, “இப்ப தேவல அண்ணாத்தே” என்றாள்.

“பால் வாங்கிக் குடி, எல்லாம் சரியாப் பூடும். ஊட்டுக்குப் போயிப் படு” என்று பின்பக்க கேட் வழியாக அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டார் ஜெயபால். அதில் கொஞ்சம் பாசம் இருந்தது. மேனேஜர் வருவதற்குள் அவளை அனுப்பிவிட வேண்டும் என்ற பதற்றம் அதைவிட அதிகமாக இருந்தது.

தீயணைப்பு வண்டி வந்தது. முதுகில் காற்று சிலிண்டர் கட்டியவர்கள் உள்ளே போய், தண்ணீரைச் சாரலாக அடித்துப் புகையை அமுக்கினார்கள். ஆசிட் சாக்கடைக்கு ஓடாமல் மணலால் அணை கட்டினார்கள். எல்லாம் அடங்கியபின் நிலைய அதிகாரி கோவிந்தராஜ் முகமூடியைக் கழற்றினார்.

“இதுல மரத்தூளைக் கொட்டுன புண்ணியவான் யாரு?”

ஜெயபால் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரி, அத உடுங்க. இதுதான் முக்கியம். அந்தப் பொகைய யாராச்சும் சுவாசிச்சாங்களா? இப்ப நல்லாத்தான் கீறாங்கன்னு உட்றக் கூடாது. பொழுது சாயறப்போ நுரையீரல்ல நீர் கோத்துக்கும், ஆளையே கொன்னுடும். ஒடனே ஆஸ்பத்திரில சேத்து கூடவே இருந்து பாக்கணும். உள்ள யாரு இருந்தது?”

மேனேஜர் திரும்பி, “நம்ம கேப்டனுக்குத் தெரியும். சொல்லுங்க ஜெயபால்” என்றார்.

பொன்னியம்மா உள்ளே போனதை வேறு யாரும் பார்க்கவில்லை. அவள் உள்ளே இருந்தாள் என்று சொன்னால், அனுப்பியது யார் என்ற கேள்வி வரும். கூடவே மரத்தூளும் வெளியே வரும். பச்சை ஹெல்மெட்டுக்குள் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

“யாரும் இல்ல சார்” என்றார். கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல், பக்கத்தில் நின்றவருக்கே சரியாகக் கேட்கவில்லை.

மத்தியானச் சோற்று டப்பாவை அவர் திறக்கவே இல்லை. பொன்னியம்மாவுக்குப் போன் போட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார், எடுக்கவில்லை. கடைசியில் வயிற்றுவலி என்று ஒரு பொய் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். ஆவடி வரைக்கும் லாரிகளுக்கு நடுவே போகும்போது வாய் தன்னால் ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு சிக்னலில் நிற்கும்போதுதான், தான் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. ஆண்டவரே, இது வெளியே தெரியக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் பிழைக்க வேண்டும் என்று அதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது.

பொன்னியம்மா வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூச்சு மேலுக்கும் கீழுக்கும் இழுத்தது. புருஷன் முனியன் அடுப்பில் உலை வைத்திருந்தான். அவரைக் கண்டதும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“வா அண்ணாத்தே. சளி கட்டிகினு கீது, வேற ஒண்ணுமில்ல. நீ சொன்ன மாதிரியே பால் குடிச்சேன்.”

“பொன்னியம்மா, ஆஸ்பத்திரிக்குப் போயி சும்மா ஒரு செக்கப் பண்ணிக்கினு வந்துடலாம்.”

“அட, இன்னாத்துக்கு? ஒண்ணும் ஆவாதுன்னு நீதான சொன்ன?”

முனியன் சிரித்தான். “ஊட்டுக்கு வந்ததுலேர்ந்து இதையேதான் சொல்லிகினு கீறா. ஆஸ்பத்திரிக்கு வான்னா, அண்ணாத்தே பால் குடிக்கச் சொல்லிகீறாரு, அவருக்குத் தெரியாததான்னு என் வாய அடைக்கிறா.”

ஜெயபாலுக்கு அப்போது புரிந்தது. அவளை நகரவிடாமல் பிடித்து வைத்திருப்பது சளியும் இல்லை, பிடிவாதமும் இல்லை. அவர் சொன்ன சொல்லைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லை அவரே உடைத்தால் ஒழிய அவள் எழுந்து வரமாட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் வேறு இருமல் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்குத் தெரியாது பொன்னியம்மா” என்றார். “ஆசிட்ல மரத்தூள் கொட்டக் கூடாதுன்னே எனக்குத் தெரியாது. நான் கொட்டினதாலதான் அந்தப் பொகை. நீ சூடா கீதுன்னு சொன்ன, நான்தான் தள்ளு தள்ளுன்னேன். பால் குடின்னது சும்மா வாய்ல வந்தது. அந்தப் பொகை ஆளக் கொன்னுடும்னு ஃபயர் ஆபீசர் சொன்னாரு. உள்ள யாரு இருந்ததுன்னு கேட்டாரு. யாரும் இல்லன்னு சொல்லிட்டேன். மாட்டிக்குவேன்னு பயந்துகினு உன்ன மறைச்சுட்டேன்.”

பொன்னியம்மா அவர் முகத்தையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் எழுந்திருக்க முனியனிடம் கையை நீட்டினாள்.

முனியன்தான் கேட்டான். “ஒண்ணும் தெரியாமத்தான் தலைல தொப்பி மாட்டிகினு திரிஞ்சியா?”

ஜெயபால் போனை எடுத்து 108-ஐக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் ஒன்றுவிடாமல் சொன்னார். என்ன ஆசிட், என்ன நிறத்தில் புகை, மரத்தூளைக் கொட்டியது யார், இவளை உள்ளே அனுப்பியது யார் எல்லாவற்றையும் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார். “இது தெரியலன்னா ஆஸ்துமான்னு நெனச்சிருப்போம்” என்றார் டாக்டர். இருட்டுவதற்குள் பொன்னியம்மாவுக்குச் செயற்கை மூச்சு கொடுக்கும்படி ஆகிவிட்டது. வெளியே பெஞ்சில் ஒரு முனையில் முனியனும் மறுமுனையில் ஜெயபாலும் உட்கார்ந்திருந்தார்கள்.

பொன்னியம்மா பிழைத்துக்கொண்டாள்.

கம்பெனியிலும் ஜெயபால் தானே போய்ச் சொன்னார். மெமோ கொடுத்தார்கள், ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டார்கள், ஸ்டோர் வேலையை மட்டும் விட்டுவைத்தார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து வகுப்பெடுத்தபோது முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டார். வீட்டில் மனைவி ஞானகுமாரி, “அதான் உண்மைய சொல்லிட்டீங்களே, போதும்” என்று தேற்றிப் பார்த்தாள். அவருக்குப் போதவில்லை. சொன்னதை அவர் மறந்துவிடுவார். சொல்லாமல் இருந்த அந்த மத்தியானத்தைத்தான் மறக்க முடியவில்லை. கோயிலில் வாசகம் படிக்க அவரைக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார்.

மழைக்காலம் முடிந்து பொன்னியம்மா வேலைக்குத் திரும்பினாள். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினாள். அவளுக்கு கேன்டீன் பக்கம் இலேசான வேலையாகக் கொடுத்திருந்தார்கள். வேம்புலியைப் பார்த்ததும், “இன்னா நைனா, ட்ராலிய ஒழுங்கா தள்றியா?” என்று பழையபடி சீண்டினாள். அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் ஜெயபாலுக்குத் தைரியம் வந்தது. ஸ்டோரை விட்டு இறங்கி வந்து கேன்டீன் வாசலில் நின்றார்.

“எப்டி கீற பொன்னியம்மா?”

அவள் துடைப்பத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். மேனேஜரிடம் பேசும்போது எப்படி நிற்பாளோ, அப்படி நின்றாள்.

“நல்லா இருக்கேன் சார். நீங்க கொஞ்சம் தள்ளி நின்னா பெருக்கிடுவேன்.”

ஜெயபால் தள்ளி நின்றார்.