நாற்பத்தொன்றாம் குழாய்

ஆய்வுகூடக் கதவைத் திறந்ததும் இராசாத்திக்கு முதலில் வேலை செய்வது மூக்குத்தான். கண் பிறகு. இருபத்தாறு வருடமாக நுண்ணுயிர் வளர்க்கிற இடத்தில் நிற்பவளுக்கு, இன்குபேற்றர் கதவை ஒரு விரற்கடை நீக்கினாலே உள்ளே என்ன வளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். மழை விழுந்த மண் வாசம் என்றால் ஒரு சாதி. புளித்த மா வாசம் என்றால் இன்னொரு சாதி. நல்ல வெயிலில் திராட்சை பழுத்த முந்திரிகைப் பந்தலின் கீழ் நிற்பதுபோல ஒரு தித்திப்பு மூக்கில் ஏறினால் தட்டை எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை. சூடோமோனாஸ். ஆறாத புண்களில் குடியிருந்து பச்சைச் சீழ் வைக்கிற சாதி.

அந்த வாசம் வருகிற நாட்களில் அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதில்லை. ஒரு பிளேன்ரீயோடு பொழுதைப் போக்கிவிடுவாள்.

"என்னக்கா, விரதமோ?" என்று அங்கே படிக்கிற பிள்ளைகள் கேட்பார்கள்.

"ஓம்" என்பாள். குருநகர் கத்தோலிக்க வேதக்காரிக்குச் செவ்வாய்க்கிழமையில் என்ன விரதம் என்று ஒருவரும் துருவவில்லை.

அவளுடைய புருஷன் யாகோப்பு கிடந்த அறை அப்படித்தான் மணத்தது.

யாகோப்பு முப்பது வருடம் கடலில் தொழில் செய்தவன். வள்ளத்தைக் கரைக்கு இழுக்கையில் வலது பாதத்தில் திருக்கை முள் ஏறிவிட்டது. சீனி வருத்தக்காரன் என்பதால் காலில் உணர்ச்சி குறைவு. இரண்டு நாளாக வீட்டில் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் செருப்பு நனைந்திருந்ததைக் கண்டு இவள்தான் காலைத் தூக்கிப் பார்த்தாள். கிளினிக்கில் கழுவி மஞ்சள் மருந்து பூசி அனுப்பினார்கள். பிறகு ஆஸ்பத்திரி. ஒரு விரல் போனது, அடுத்த மாதம் பாதம் போனது, மூன்றாம் மாதம் ஆளே போய்விட்டான். வயது ஐம்பத்து நாலு.

இதில் வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொல்லாத ஒன்று இராசாத்தியிடம் இருந்தது. நர்ஸ் சொன்னபடி கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவிய பிறகு, தினமும் புனிதர் சுருவங்கள் வைத்த தட்டில் இருந்த போத்தலை எடுத்துத் தீர்த்தத்தில் பஞ்சை நனைத்து அதன்மேல் ஒற்றுவாள். அந்தப் போத்தல் மாமி காலத்துப் பிளாஸ்டிக் போத்தல். திருவிழாவில் மந்திரித்த தண்ணீரை ஒருமுறை நிரப்பினால் போதும், அந்த வீட்டில் அது முடியவே விடமாட்டார்கள். பாதி குறைந்ததும் கிணற்றுத் தண்ணீர் விட்டு நிரப்புவார்கள். மேலே விட்ட தண்ணீரும் தீர்த்தம் ஆகிவிடும் என்பது மாமியின் கணக்கு, அயலுக்கும் அதே கணக்கு. ஒன்பது வருடம் அந்தப் போத்தல் ஒரு நாளாவது காய்ந்ததில்லை.

கை கழுவாமல் தட்டைத் தொட்டதற்காகப் பட்டப்படிப்புப் பிள்ளைகளை நாள் முழுக்க ஏசுகிறவள் இவள். ஆனால் ஆய்வுகூடத்து அறிவை வெள்ளைக் கோட்டோடு சேர்த்து ஆணியில் கொழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். எல்லாரும் அப்படித்தானே. யாகோப்பின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சுருவத் தட்டைத் துடைக்கிறபோது போத்தலைத் தூக்கினாள். பெருவிரல் கழுத்துக்குள் வழுக்கியது. உள்ளே கிணற்றுச் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. அதன்மேல் ஒரு வழுவழுப்பு. அந்த வழுவழுப்பு என்ன என்று இந்தக் குடாநாட்டில் அவளை விட நன்றாகத் தெரிந்தவர்கள் ஒரு கை விரலுக்குள்தான் இருப்பார்கள். மூடியை இறுக்கிப் பழைய இடத்திலேயே வைத்தாள். மூன்று வருடமாக அவள் அதை எறியவுமில்லை, தொடவுமில்லை.

போன வருடம் துஷாந்தினி விரிவுரையாளராக வந்தாள். முப்பத்து நாலு வயது, வெளிநாட்டில் படிப்பு, உடுப்பிட்டி ஊர்ப் பேச்சு. சைக்ளிக் டை ஜி.எம்.பி. என்கிற ஒரு சின்ன மூலக்கூறுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஆய்வுகூடத்தில் அதைச் சுருக்கி "சி டை" என்பார்கள். இராசாத்தி குழாய் கழுவிக்கொண்டு நிற்க, துஷாந்தினி தன் கைகளையே படமாக்கி விளங்கப்படுத்துவாள்.

"இஞ்சை பாருங்கோ அக்கா. ஒண்டு தனிய நிண்டால் விரிஞ்ச கை. ரெண்டு சந்திச்சால்..." இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்தாள். "இப்பிடிக் கோத்துக்கொள்ளும். கோத்த இடத்திலை மக்னீசியம் மாதிரி ஒரு உலோகம் தன்ரை தண்ணியையும் கூட்டிக்கொண்டு வந்து குந்தும். விரலுக்கும் விரலுக்கும் இடையிலை, சோதனைக்கு நாங்கள் விடுற தட்டையான சாயம் போய்ச் செருகும். கிருமிக்குள்ளை எண்டால் புரதம். புரதம் இந்தச் சோடியைப் பிடிச்ச உடனை தான் உருவம் மாறிப்போகும். அதோடை நீந்தித் திரிஞ்ச கிருமி நீச்சலை விட்டிட்டு ஓரிடத்திலை ஒட்டி, சளியாலை வீடு கட்டத் தொடங்கும். பிறகு மருந்துக்கு அசையாது."

"வந்த எல்லாத்தையும் பிடிச்சு வைச்சிருக்குமோ மிஸ்?"

"எல்லாத்தையும் இல்லை. தனக்குப் பொருந்தினதை. பொருந்தினதை விடாது."

சோதனைக்குப் புரொஃபிளேவின் என்ற மஞ்சள் சாயம். நீல வெளிச்சத்தில் பச்சையாக மின்னும். கிருமியைப் பிழிந்தெடுத்த நீரில், வேண்டிய உப்பைச் சேர்த்து இதை விட்டால், சி டை எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குச் சாயத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், வெளிச்சம் மங்கும். உலோகத்தை எடுத்துவிட்டால் பிடி தளர்ந்துபோகும். அந்தச் சாயப் போத்தலை முதல்நாள் திறந்தபோது இராசாத்தி மூடியைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டாள். யாகோப்பின் பாதத்தில் பூசிய மஞ்சள். கேட்டபோது துஷாந்தினி சொன்னாள், ஒரு காலத்தில் புண்ணுக்குப் பூசின மருந்து அது, அதன் சொந்தக்காரர் இப்போதும் சில மருந்துகளில் இருக்கிறார்கள் என்று.

ஆராய்ச்சிக்கு எடுத்தது ஆஸ்பத்திரிப் புண்களிலிருந்து மூன்று வருடத்துக்கு முன் சேர்த்து உறைய வைத்த அறுபது குழாய்களை. பெயர் கிடையாது, எண், திகதி, வயது, புண் இருந்த இடம், அவ்வளவுதான். அந்த நாளில் கிழமைக்கு ஒருமுறை பெட்டி வரும். ஒட்டுத்தாள் எழுதி ஒட்டியது இராசாத்திதான். நாற்பத்தொன்றில் அவளுடைய எழுத்தில் இருந்தது: ஆண், 54, வலது பாதம். திகதி, விரல் எடுத்ததற்கு முதல் நாள். அந்தக் கிழமைப் பெட்டியில் அப்படி ஒன்றே ஒன்றுதான் வந்தது. யாருடையது என்று தெரிந்தேதான் எழுதியிருந்தாள். இப்போது பார்த்தால் எழுத்து மிகவும் அழகாக இருந்தது.

அறுபதிலும் சாயத்தின் வெளிச்சத்தை ஒரேயடியாக அணைத்தது அந்த நாற்பத்தொன்றுதான்.

"உவனைப் பாருங்கோ அக்கா!" துஷாந்தினிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சரியான வீட்டுக்காரன். ஓரிடத்திலை குந்தினால் எழும்பமாட்டான்."

"அவர் அப்பிடித்தான்" என்றாள் இராசாத்தி.

"ஆர் அவர்?"

"ஒண்டுமில்லை மிஸ்."

அன்றிலிருந்து அந்தக் குழாயை எடுக்கும்போதெல்லாம் அவளுக்கு முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் மண்ணுக்குப் போன மனுஷன். அவன் உடம்பைத் தின்றது இங்கே பூச்சியத்துக்குக் கீழே எண்பது பாகைக் குளிரில் உயிரோடு கிடக்கிறது. ஒரு துளி எடுத்துச் சோறு போட்டால் மறுநாள் காலை அவன் கிடந்த அறையின் வாசத்தோடு எழும்புகிறது. சில நாள் தட்டை மூடும்போது, "இண்டைக்குப் போதும், படுங்கோ" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள்.

இப்படியே காலம் போயிருக்கும், மகள் ஷெரோன் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வராதிருந்தால். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, திங்கட்கிழமை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று டொக்டர் நாள் குறித்திருந்தார். செவ்வாய் பின்னேரம் இராசாத்தி வேலையால் வர, ஷெரோன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தைத் துணிகளுக்கு நடுவே அந்தப் போத்தல்.

"உது ஏன் பிள்ளை?"

"வெட்டின இடத்திலை ஒரு சொட்டு. குஞ்சின்ரை தொப்புளிலை ஒரு சொட்டு. அப்பாக்கும் நீங்கள் பூசினதுதானே."

"பழசு."

"தீர்த்தத்துக்கு என்னம்மா பழசும் புதுசும்? குறைஞ்சால் நிரப்பினால் சரிதானே." அப்படியே மாமியின் குரல்.

இராசாத்தி கதிரையில் இருந்துவிட்டாள். போத்தலைக் களவாக ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் வைத்தால் ஷெரோன் அறியப்போவதில்லை. பிள்ளைக்கும் ஆபத்தில்லை. ஆனால் அப்படிச் செய்தால், தன் கையால் புருஷனைக் கொன்றாளா இல்லையா என்று சாகும்வரை தெரியாமலே போகும். மகள் குளிக்கப் போன நேரம், கைப்பையில் இருந்த பஞ்சுக்குச்சியைப் போத்தல் கழுத்துக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

புதன் காலையில் அதை ஒரு தட்டில் விதைத்தாள். வியாழன் காலை இன்குபேற்றரைத் திறக்க முன்னரே தெரிந்துவிட்டது. முந்திரிகை.

தட்டில் 'வீடு' என்று மட்டும் எழுதியிருந்தது. துஷாந்தினி கண்டுவிட்டாள். "இது எந்தக் கணக்கிலை வருது அக்கா?"

இராசாத்தி எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னாள். திருக்கை முள், மாமியின் போத்தல், நாற்பத்தொன்று, ஷெரோனின் பை. துஷாந்தினி கையுறையை மாட்டினாள். தட்டில் வளர்ந்த வழுவழுப்பைப் பிழிந்த நீரில் சாயம் விட்டார்கள். வெளிச்சம் அப்படியே அணைந்தது. ஆனால் அது கிருமி ஒட்டிக் குடியிருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். நாற்பத்தொன்றில் இருந்த அதே கிருமியா என்று சொல்லாது. அதற்கு இரண்டினதும் டி.என்.ஏ.யைத் துண்டாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட வேண்டும். வெள்ளி மத்தியானம் இரண்டிலும் ஒரே மாதிரிக் கோடுகள் விழுந்தன.

"ஒரே ஆள்தான் அக்கா" என்றாள் துஷாந்தினி. "எனக்குத் தெரிஞ்ச அளவிலை ரெண்டும் ஒண்டு."

"அப்ப போத்தல்தான்."

"பொறுங்கோ. பஞ்சை எப்பிடி நனைச்சனியள்?"

இராசாத்தி செய்து காட்டினாள். போத்தல் வாயில் பஞ்சை வைத்துக் கவிழ்த்து, புண்ணில் ஒற்றி, திரும்பப் போத்தல் வாயில் வைத்துக் கவிழ்த்து.

"அதே பஞ்சோ?"

"அதே பஞ்சு."

"அப்ப போத்தலிலை இருந்து காலுக்கு வந்திருக்கலாம். காலிலை இருந்து போத்தலுக்கும் போயிருக்கலாம். எது முதல் எண்டு இந்தக் கோடு சொல்லாது."

"எது சொல்லும்?"

"ஒண்டும் சொல்லாது அக்கா. அந்த நேரத்திலை போத்தலைச் சோதிச்சிருந்தால் தெரிஞ்சிருக்கும்."

இராசாத்தி கோட்டைக் கழற்றி ஆணியில் கொழுவினாள். அன்றைக்கு அந்த அறிவு ஆணியில் தங்கவில்லை, கூடவே வந்தது.

ஷெரோன் கட்டிலில் இருந்து சின்னத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இராசாத்தி சுற்றி வளைக்கவில்லை. கேட்டு முடித்த ஷெரோன் ஒரு துணியை மூன்று தரம் மடித்து மூன்று தரம் விரித்தாள்.

"நீங்கள்தான் அப்பாவைச் சாகடிச்சனியள் எண்டு சொல்லுறியளோ?"

"தெரியாது எண்டு சொல்லுறன்."

"அப்பாக்குத் தெரியுமோ?"

"இல்லை. அது பூசினால்தான் குளிருது எண்டு கேட்டு வாங்கிப் பூசுவார்."

ஷெரோன் பைக்குள் கைவிட்டுப் போத்தலை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே நூல்நூலாக எதுவோ மிதந்தது.

"அப்ப இதுக்குள்ளை அப்பான்ரை காலிலை இருந்ததும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

அவள் அதைத் தாயின் கையில் கொடுக்கவில்லை. நிலத்தில் வைத்தாள். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், சண்டை பிடித்துவிட்டு வந்து வாசலில் நிற்கிற ஒருவனைப் பார்ப்பதுபோல.

"போய்ச் சோப் போட்டுக் கை கழுவு பிள்ளை" என்றாள் இராசாத்தி.

ஷெரோன் கழுவினாள். முழங்கை வரைக்கும், நீண்ட நேரம். தண்ணீரை நிற்பாட்டாமலே, திரும்பாமலே சொன்னாள்: "திங்கட்கிழமை நீங்கள் ஆஸ்பத்திரியிலை நிக்கோணும். குஞ்சைத் தூக்க முதல் நீங்களும் இப்பிடிக் கழுவோணும்."

சனிக்கிழமை ஆய்வுகூடத்தில் யாருமில்லை. தீர்த்தத்தைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றி, வெறும் போத்தலையும் பையில் கட்டி, இரண்டையும் ஆவியில் அவித்துக் கிருமி கொல்லும் ஓட்டோகிளேவில் வைத்துத் திருகை இறுக்கினாள். நூற்றியிருபத்தொரு பாகை, முப்பது நிமிடம். ஆறிய பிறகு மூடியைத் திறக்க, ஆவியோடு வெந்த முந்திரிகை வாசம் ஒருதரம் முகத்தில் அடித்துப் போனது. போத்தல் கோணி, கைப்பிடியளவாகச் சுருங்கியிருந்தது. மாமி காலத்துச் சுண்ணாம்பு மட்டும் அப்படியே இருந்தது. மந்திரித்த தீர்த்தத்தைக் கழிவுத் தொட்டியில் ஊற்றக்கூடாது என்பதால் சேமக்காலைக்குக் கொண்டுபோய் யாகோப்பின் கல்லறைக் கால்மாட்டில் ஊற்றினாள். தலைமாட்டில் ஊற்ற மனம் வரவில்லை.

திங்களன்று பெண்பிள்ளை. தாய்க்கும் காயம் சுத்தமாக ஆறியது.

"நாற்பத்தொண்டையும் அழிச்சுவிடவோ அக்கா?" என்று துஷாந்தினி பிறகொருநாள் கேட்டாள். "எனக்கு வேறை இருக்கு. உங்களுக்குக் கஷ்டமெண்டால் ஒருத்தருக்கும் சொல்லாமல் எடுத்திடுறன்."

இராசாத்தி குளிர்ப்பெட்டிக் கதவை அழுத்திச் சாத்தினாள். "இருக்கட்டும் மிஸ். அவரிலை மிஞ்சி இருக்கிறது அது ஒண்டுதான்."

இப்போதும் தினமும் காலை குளிர்ப்பெட்டியின் பாகையைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவது அவள்தான். மின்சாரம் நின்றால் மற்றவர்கள் வெளியே காற்று வாங்கப் போய்விடுவார்கள். இராசாத்தி மட்டும் அதன் கதவில் உள்ளங்கையை வைத்தபடி, ஜெனரேற்றர் பிடிக்கும்வரை நிற்பாள்.

"என்னக்கா, உள்ளை ஆரும் ஆள் இருக்கோ?" என்று பிள்ளைகள் பகிடி விடுவார்கள்.

"ஓம்" என்பாள்.