ஜனவரியிலும் மடை பார்த்தவர்

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். வெர்லின் டோல்மன் அன்று பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். ஐடஹோவில் உருளைக்கிழங்கு பயிரிட்ட அவர், தம் பிள்ளைகள் இருவரையும் அப்படித்தான் பழக்கினார். திங்கள் மாலை வீட்டில் நடத்தும் வேதபாடத்தின்போது சூடான ரொட்டியை மேசை நடுவில் வைப்பார்.

"தொடக்கூடாது. பாருங்க. வயிறு கேக்குறப்போ ஆண்டவர்கிட்ட பேசுங்க."

பாடம் முடிந்த பிறகே ரொட்டி.

மகள் ரேல்டாவுக்கு எட்டு வயதிருக்கும்போது, அண்ணன் கென்டல் ஓர் உபவாச ஞாயிறன்று மாடிப்படிக்கு அடியில் ஒளிந்து ரொட்டி தின்றான். அப்பாவிடம் போய்ச் சொன்னது அவள்தான். அப்பா அடிக்கவில்லை. அடுத்த மாதம் அவனைச் சபை முன்னால் நிறுத்தினார். மைக் எட்டாத பத்து வயதுப் பையன், "நான் ஆண்டவரை ஏமாத்திட்டேன்" என்றான். பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போனவன், பிறகு அப்பா இருந்தவரை வரவேயில்லை.

புதன்கிழமை அப்பா இறந்தார். சனிக்கிழமை அடக்க ஆராதனையில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பை ரேல்டா வாசிக்க வேண்டும். அணைக்கட்டில் நீர்மட்டம் காட்டும் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. குறிப்பையும் அப்படியே சரிபார்த்து எழுதியிருந்தாள். "ஓர் உபவாசத்தையும் முறித்ததில்லை" என்பது நான்காவது வரி.

வெள்ளிக்கிழமை அப்பாவின் பிக்கப் வண்டியை ஒழுங்குபடுத்தினாள். சீட்டுக்கு அடியில் கருவிப்பெட்டி. அதற்குள் சாஸேஜ் இறைச்சி டின்கள் ஆறு, கைக்குட்டையில் சுற்றிய முள்கரண்டி ஒன்று. சமையலறை முள்கரண்டி செட்டில் எப்போதும் குறைந்திருந்த அந்த ஒன்று.

அம்மா ஆர்டெத் மறுநாள் அடக்கத்துக்குப் பிந்தைய விருந்துக்கு உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். ரேல்டா பெட்டியைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"மடை பாத்துட்டு வரேன்னு போவாரே. உங்கப்பாவுக்குப் பசி தாங்காதுடி."

"முதல் ஞாயித்துக்கிழமையிலயா?"

"மத்த நாள்லதான் வீட்லயே சாப்பிடுவாரே."

ரேல்டா உட்கார்ந்துவிட்டாள். ஜனவரிப் பனியில் வாய்க்காலில் தண்ணீரே கிடையாது. ஜனவரியிலும் அப்பா மடை பார்க்கப் போனார். நீர்மட்டம் அளந்தே சம்பளம் வாங்குகிறவளுக்கு இத்தனை வருடம் அது உறைக்கவில்லை.

"கென்டல நிக்க வச்சப்போ உனக்குத் தெரியுமா?"

துருவல் நின்றது. "டின் வாங்கிக் குடுத்ததே நான்தான்."

மறுநாள் ஆராதனையில் கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல் கென்டல் உட்கார்ந்திருந்தான். ரேல்டா நான்காவது வரிக்கு வந்து தாளை மடித்தாள்.

"அப்பா மாசாமாசம் முதல் ஞாயிறு மடை பாக்கப் போவார். ஜனவரியிலயும் போவார்."

கூடியிருந்த விவசாயிகள் சிரித்தார்கள். அவள் சிரிக்காததைப் பார்த்ததும் அடங்கினார்கள்.

"கென்டல், அன்னிக்கு உன்னக் காட்டிக் குடுத்தவ நான். அவரோட சாப்பாடு வண்டி சீட்டுக்கு அடியில இருந்துச்சு."

அம்மா குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். எந்தப் பாட்டையும் யாரும் இன்னும் அறிவிக்கவில்லை.