இடமிருந்தால் ஏறலாம்

மன்னாரில் எங்கள் ஊரான தோட்டவெளியில் என்னைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. நான் விமானம் ஓட்டுகிறேன் என்பது ஒன்று. ஓட்டாவிட்டாலும் அதில் எனக்கொரு பங்கு இருக்கிறது என்பது மற்றது. இரண்டையும் மறுத்துப் பார்த்துக் களைத்துவிட்டேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில், பெட்டி வந்து சேராத பயணிகள் வந்து திட்டுவதற்கென்று ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். அதன் பின்னால் உள்ள கதிரையில் இருப்பவன் நான். பெட்டி என்ன நிறம், உருட்ட எத்தனை சில்லு, உள்ளே என்ன இருந்தது என்று கேட்டுப் படிவம் நிரப்புவது என் தொழில். என்ன நடந்தாலும் கதிரையை விட்டு எழும்பக்கூடாது என்று எனக்கு வேலை பழக்கியவர் சொல்லியிருந்தார். எழும்பினால் பிழை எங்களுடையது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். எனவே என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் இருந்தபடியேதான் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இந்த வேலையில் ஒரு சலுகை உண்டு. என்னையும் என்னைப் பெற்றவளையும் உலகத்தின் எந்த மூலைக்கும் கிட்டத்தட்டச் சும்மா கொண்டுபோவார்கள். ஒரே ஒரு நிபந்தனை: காசு கொடுத்தவர்கள் எல்லோரும் ஏறி முடிந்த பிறகு இடம் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அடுத்த விமானம். அதிலும் இல்லையென்றால் அதற்கடுத்தது. இதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். எட்டு வருடமாக நான் இந்தச் சலுகையைத் தொட்டதே இல்லை. விடுமுறையில் மன்னார் பஸ்ஸில் ஏறி, அதிலும் இடமில்லாமல் நின்றுகொண்டு ஊருக்குப் போய்வந்தேன். ஆகவே பயிற்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

போர் முடிந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அம்மா தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து, தோட்டவெளியில் பழைய வளவிலேயே புது வீடு கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. சுவர் எழும்பியிருந்தது, கூரையும் போட்டாயிற்று, ஆனால் கதவுக்குப் பதிலாக ஒரு பழைய சாறி தொங்கியது. அப்பா முகாமிலேயே காலமாகிவிட்டார். நான் முன்னரே கொழும்புப் பக்கம் வந்து வேலை தேடிக்கொண்டேன். தங்கச்சி முகாமிலிருந்தே கனடாவுக்குக் கல்யாணமாகிப் போனவள். அம்மா அவளைக் கண்ணால் கண்டு பதினொரு வருடம்.

அந்தத் தங்கச்சிக்குத்தான் பிள்ளை பிறக்க இருந்தது. மூன்று முறை தங்காமல் போய், முப்பத்துமூன்று வயதில் நின்ற பிள்ளை. புருஷன் லொறி ஓட்டுபவன், கிழமையில் பாதி நாள் நெடுஞ்சாலையில். தொலைபேசியில் அவள் அதிகம் அழவில்லை. "அம்மா, ஆசுப்பத்திரிக்குள்ள போகேக்க நீங்கள் பக்கத்தில நிக்கோணும்" என்று மட்டும் சொன்னாள். அம்மா "நிப்பன்" என்றாள். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றும் பொறுப்பு பெட்டி தேடுபவன் தலையில் விழுந்தது. விசா கிடைத்தது. டொக்டர் குறித்த நாளுக்குப் பத்து நாள் இருந்தது. எனக்கு லீவு எட்டு நாள்.

இங்கே நான் விட்ட பிழை, புறப்படும் திகதியை ஊருக்குச் சொன்னது. எங்கள் பக்கத்தில் ஓராள் கடல்கடந்து போவதென்றால் அவரை எயார்போட்டுக்குத் தனியே அனுப்புவது மரியாதையில்லை. வாடகைக்கு வான் பிடித்து, சனம் சேர்ந்து, ஏற்றிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். மாமா, மாமி, பக்கத்து ஊரான கீரியிலிருந்து சித்தப்பா குடும்பம், கதவு செய்து தருவதாகச் சொல்லிச் செய்யாமலிருந்த தச்சர் என்று பதினாலு பேர் ஏழு மணித்தியாலம் ஓடி வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு பார்சல் வேறு: கருவாடு, காயவைத்த பனங்கிழங்கு ஒடியல், மிளகாய்த்தூள், பிள்ளைத்தாய்ச்சிக்கு மருந்துச் சரக்கு.

விமானம் நிறைந்துவிட்டது. நானும் அம்மாவும் போன வாசலாலேயே திரும்பி வந்தோம். பதினாலு பேரும் அப்போதும் வெளியே நின்று கையசைக்கத் தயாராக இருந்தார்கள்.

நிலைமையை விளக்கினேன். மாமா யோசித்துவிட்டு, "அப்ப இது உன்ர பிளேன் இல்லையோ?" என்றார். பிறகு, ஆள் ஏறாமல் வான் திரும்பினால் ஊரில் என்ன சொல்வது என்று ஒரு சிறு கூட்டம் நடந்தது. ஏற்றிவிட்டுத்தான் போவது என்று முடிவாகியது. நீர்கொழும்பில் நான் இருந்த வாடகை அறையில் பதினாறு பேர் இரண்டு நாள் இருந்தோம். மூன்றாம் நாள் காலையில் இரண்டு இடம் கிடைத்தது. அம்மாவுக்காக நேர்த்தி வைத்தவர்களைவிட, அந்த அறையிலிருந்து விடுதலை வேண்டி நேர்த்தி வைத்தவர்களே அதிகம் என்று நினைக்கிறேன்.

அந்த இரண்டு நாளிலும் அம்மாவுக்கு ஸ்டாண்ட்பை ஒழுங்குகளைப் படிப்பித்தேன். சுத்தமாக உடுத்த வேண்டும். கடுதாசிகளைக் கையில் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். அலுவலரிடம் ஒரு தரத்துக்கு மேல் கேட்கக்கூடாது, கோபத்தோடு முகத்தைப் பார்க்கக்கூடாது. பேர் கூப்பிடும் தூரத்திலேயே நிற்க வேண்டும். இல்லை என்றால் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் போய் இருக்க வேண்டும்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது முகாம் சட்டம்தானே. இதைப் படிக்கவோ உனக்கு எட்டு வருசம்?" என்றாள்.

வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் இறங்கினோம். ரொறொன்ரோவுக்கு அங்கிருந்து நாளுக்கு ஒரு விமானம், பதினாலு மணித்தியாலப் பறப்பு. பள்ளிக்கூட விடுமுறைக் காலமாதலால் எல்லாம் நிறைந்திருந்தது. முதல் நாள் எங்கள் பேர் வரவேயில்லை.

கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்திருந்த நான் அரை நாளில் சுருங்கிப்போனேன். பத்து நிமிடத்துக்கொரு தரம் எழும்பிப்போய்த் திரையைப் பார்த்தேன். அம்மா அசையவில்லை. பாஸ்போட்டும் விசாவும் பொலித்தீன் பையில், பை மடியில். கைப்பிடிச் சூட்கேஸில் கால். முகம் கழுவி, தலை வாரி இழுத்து, நேற்றைய சாறியை மடிப்புக் கலையாமல் உடுத்தியிருந்தாள். தண்ணீர் குடிக்கப் போகும்போது தன் செருப்பொன்றைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனாள். முகாமில் தண்ணீர்க் குழாயடியில் குடம்தான் ஆளுக்காக நிற்கும். ஆள் எங்கே போனாலும் குடத்தைத் தாண்டி யாரும் போகமாட்டார்கள். அங்கே நின்ற வெள்ளைக்காரர் ஒருவர் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார், பிறகு வேறிடம் போய் இருந்தார். உலகப் பொதுச் சட்டம் போலும்.

எத்தனையோ ஸ்டாண்ட்பைக்காரரைப் பார்த்திருக்கிறேன். தொப்பி வைத்த கப்டன்மாரே வாசலில் குழந்தைகள்போல் சிணுங்குவார்கள். அம்மாவைப்போல் ஒருவரும் இருந்ததில்லை. எங்கள் குடும்பத்தில் இந்தத் துறையின் நிபுணர் நானில்லை என்பது அன்றுதான் விளங்கியது. வெட்கமாக இருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம், இவ என்னுடைய அம்மா என்று சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இரண்டாம் நாள் இரண்டு இடம் மிஞ்சியது. எங்கள் பேரைக் கூப்பிட்டார்கள். நான் பாய்ந்து எழும்பினேன். அம்மா எழும்பவில்லை. பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். விமானக் கம்பனி ஊழியர் ஒருவரின் மனைவி, எங்களைப்போலவே ஸ்டாண்ட்பை. பட்டியலில் எங்களுக்கு அடுத்த பேர். மடியில் கைக்குழந்தை, காலடியில் நாலு வயதுப் பிள்ளை. குழந்தை காலையிலிருந்து அழுதழுது குரல் கம்மிப்போயிருந்தது.

"அவவை விடு" என்றாள் அம்மா.

விளையாடாதீங்கோ, இது தண்ணீர்க் குழாய் இல்லை, தங்கச்சிக்கு இன்னும் ஆறு நாள்தான் என்றேன். அவசரத்தில் எனக்கு மரியாதையும் கோபமும் கலந்து வந்தன. வாசலில் நின்ற அலுவலர் மணிக்கூட்டைக் காட்டினார்.

"கைக்குழந்தைக்காரியை விட்டிட்டு நான் எந்த லைனிலயும் முன்னுக்குப் போனதில்ல" என்றாள். "பிள்ளை பெறப்போறவளைப் பாக்கப் போறதுக்கு, பெத்தவளைத் தள்ளிப்போட்டுப் போறதே?"

ஊழியன் நான். சொல்ல வேண்டியவனும் நான். எங்கள் இடத்தை அடுத்தவருக்குக் கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அலுவலர் நான் சொன்னதை நம்பாமல் இரண்டாம் தரம் கேட்டார். அந்தப் பெண் ஓடியபடியே அம்மாவின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். அம்மா "ஓம் ஓம், கெதியாப் போங்கோ" என்றாள். இருவருக்கும் விளங்கியது.

அன்று நான் அம்மாவோடு கதைக்கவில்லை. எங்களுக்குப் பாதுகாப்பான தூரத்தில் இருந்த ஒரு தூணோடு கோபித்துக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் தங்கச்சி பேசும்போது மூச்சு வாங்கினாள், நாளுக்கு முன்னமே வந்துவிடும்போல என்றாள். என்ன நடந்ததென்று அவளுக்கு நான் சொல்லவில்லை. தங்கச்சி என்ன சொன்னாளென்று அம்மாவும் கேட்கவில்லை. அன்று பின்னேரம் முழுவதும் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து திரையைப் பார்க்காமலேயே செபித்தாள். அவளுக்கும் பயம்தான் என்று அப்போது கண்டேன்.

மூன்றாம் நாள் ஒரே ஒரு இடம்.

அலுவலர் ஒரு விரலைக் காட்டினார். நான் வேண்டாம் என்று தலையாட்டத் தொடங்கினேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பதினாலு மணித்தியாலம், பிறகு குடிவரவு, கேள்விகள். அவளைத் தனியே விட முடியாது. நாளைக்கு இரண்டு இடம் வரும் என்றேன்.

அம்மா அதற்குள் எழும்பிவிட்டாள். பொலித்தீன் பையைச் சரிபார்த்தாள். சாறியை உதறினாள்.

"நான் போறன். நீ நில்லு."

"அம்மா, தனியாப் போவீங்களோ?"

"உங்கள் ரெண்டு பேரையும் இடுப்பிலயும் கையிலயும் கொண்டு கடல் தாண்டினனான். இதில நான் ஒருத்திதானே தம்பி."

அந்தப் படகு எனக்கு நினைவிருக்கிறது. அது நிறைந்தால்தான் வெளிக்கிடும். ஓட்டி இன்னும் ஆளுக்காகக் காத்து நிற்க, அம்மா எங்கள் இருவருடைய வாயையும் தன் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. இந்தப் படகிலோ நிறைந்தால் எங்களுக்கு இடமில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு கடுதாசியில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்: என் மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, பார்க்கப் போகிறேன். கீழே தங்கச்சியின் விலாசம், தொலைபேசி எண். அம்மா அதை வாங்கி, படிக்கத் தெரிந்தவள்போல் மேலிருந்து கீழ்வரை பார்த்து, பைக்குள் வைத்தாள். கதவில் நின்று திரும்பி, சாப்பிடு என்று கையால் காட்டினாள். பிறகு நேராக நடந்துபோனாள். பின்னால் வந்த வியாபாரிக் கோட்டுக்காரர் ஒருவர் அவளுக்கு வழிவிட்டார். ராணி ஒருத்தி வெளிநாட்டு விஜயம் போவதாக அவர் நினைத்திருக்கலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பிறகு நடந்ததைத் தங்கச்சி சொல்லித்தான் அறிந்தேன். குடிவரவில் அம்மா கடுதாசியை நீட்டினாளாம். படித்த அலுவலர் சிரித்து, வாழ்த்துச் சொல்லி, முத்திரை குத்தினாராம். வீட்டுக்குப் போய் சரக்கை வெயிலில் காயவைத்து, அடுப்படியை ஒழுங்குபண்ணினாளாம். மறுநாள் விடியத் தங்கச்சிக்குப் பிரசவ நோ கண்டது. குறித்த நாளுக்கு நாலு நாள் முன்னம். பிரசவ அறைக்குள் போகும்போது அம்மா பக்கத்தில் நின்றாள். பெண்பிள்ளை. என்னைப்போலவே சொட்டை என்றாள் தங்கச்சி.

நான்? அடுத்த இரண்டு விமானமும் நிறைந்தன. லீவு முடிந்தது. திரும்பும் விமானத்தில் மட்டும் எனக்குத் தாராளமாக இடம் இருந்தது. தோட்டவெளிக்குப் போனபோது மாமா கனடா எப்பிடி என்று கேட்டார். ஐந்து நாள் பார்த்த எயார்போட் கம்பளத்தின் நிறத்தை விவரித்தேன். "அப்ப, அம்மா போனவ, நீ போகேல்ல" என்றார். ஓம் என்றேன். அந்த ஓம் என் வாயிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தது. கதவு செய்யாத தச்சர் அதைக் கேட்டு அந்தக் கிழமையே கதவு போட்டார்.

ஆறு மாதம் கழித்து அம்மா தனியே திரும்பினாள், அதே ஸ்டாண்ட்பையில். எந்த விமானத்தில் ஏறுவாளென்று அவளுக்கே தெரியாதபடியால் யாருக்கும் அறிவிக்கவில்லை. அன்று காலை என் மேசைக்கு முன் ஒன்பது பேர் நின்றார்கள். எட்டாவது ஆளின் சூட்கேஸைப் பற்றி எழுதி முடித்து நிமிர்ந்தேன்.

பொலித்தீன் பை மார்போடு, முகம் கழுவித் தலை இழுத்து, ஒன்பதாவதாக அம்மா நின்றாள். முன்னால் வந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்குப் பின்னாலும் அதற்குள் இரண்டு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"என்ர பெட்டி வரேல்ல" என்றாள். "பச்சை நிறம். ரெண்டு சில்லு."

நான் எழும்பி நின்றேன். பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்த்தான். வரிசை முழுவதும் பார்த்தது. இவ என்னுடைய அம்மா என்று சொன்னேன், யாரும் கேட்காமலேயே, கொஞ்சம் உரக்க.

அம்மா படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

"இரு தம்பி, இருந்து எழுது. பின்னால ஆக்கள் நிக்கினம்."