முந்திச் சொன்ன வாழ்த்து

காலை ஐந்து இருபதுக்கு டிரெஸ்டன் ரயில் நிலையத்தில் நின்றபோது என் முதுகுப்பையில் இரண்டு ஜோடி கையுறை, ஒரு மழைச் சட்டை, பருப்புப்பொடி, ஒரு சின்னாளப்பட்டிச் சுங்குடித் துணி எல்லாம் இருந்தன. பொடி எனக்கு. துணி, யாருக்காவது கொடுக்க வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று அம்மா ஊரிலிருந்து அனுப்பியது. எங்கள் வீட்டில் யாரையும் வெறுங்கையோடு பார்க்கப் போகும் வழக்கமில்லை, கூலி வேலைக்குப் போனாலும்.

நான்கு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. டிரெஸ்டனில் முதுகலைப் படிப்பு. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை விடுமுறை. உடன் படித்தவர்கள் ப்ராக், வெனிஸ் என்று கிளம்பினார்கள். நான் ஆறு வாரம் ஆப்பிள் பறிக்கக் கிளம்பினேன். விருதுநகரில் பிறந்தவள் ஆப்பிளை ஸ்டிக்கர் ஒட்டித்தான் பார்த்திருக்கிறாள். மரத்தில் எப்படித் தொங்கும் என்று பார்த்துவிட வேண்டுமென்று ஒரு வெறி. ஒரே ஒரு கட்டுப்பாடு இருந்தது. அக்டோபர் இரண்டாவது திங்கள் காலை எட்டு பத்துக்கு டிரெஸ்டன் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்கு டெர்மின். அதாவது, விசா நீட்டிப்புக்கு மூன்று மாதம் காத்திருந்து வாங்கிய நேரம். ஜெர்மனியில் கல்யாண முகூர்த்தம் தவறினாலும் தவறலாம், டெர்மின் தவறக் கூடாது.

மாணவர் மாதச் சீட்டு மெதுவான ரயில்களில் மட்டும்தான் செல்லும். ஆகவே ஐந்நூறு கிலோமீட்டரை ஒன்பது மணி நேரத்தில், நான்கு ரயில் மாறிக் கடந்தேன். ஏழேகாலுக்கு லைப்சிக், லுத்தரன் பள்ளியில் படித்தவளுக்கு அது மிஷனரிகளை அனுப்பிய ஊர் என்று பிரார்த்தனைக் கூட்டத்தில் கேட்ட பெயர், நேரில் பார்த்தால் காப்பி வாசனை அடிக்கும் பெரிய கூடம். பிறகு மாக்டெபுர்க். பிறகு ஊல்சன், அங்கே ரயில் நிலையத்துத் தூண்களுக்குக்கூட வண்ண ஓடு பதித்திருந்தார்கள், நான் இறங்கி இரண்டு நிமிடம் வாய் பிளந்து நின்றதில் அடுத்த ரயிலைத் தவறவிடப் பார்த்தேன். பிற்பகல் இரண்டரைக்கு ஹம்பேர்க். நிலையத்தை ஒட்டிய நம்மூர்க் கடையில் இரண்டு யூரோவுக்கு ஒரு கட்டு கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு, துறைமுகத்தில் 62ஆம் எண் படகு ஏறினேன். ஃபிங்கன்வெர்டர் வரை அரை மணி. அங்கிருந்து 150ஆம் எண் பேருந்தில் கிரான்ஸ்.

பேருந்து நின்ற இடத்தில் ஒரு வெள்ளை வேன். சன்னலில் கை ஊன்றியிருந்தவர் என்னைப் பார்த்ததும் தமிழில் பேசினார்.

"நீங்கள்தானே டிரெஸ்டனிலயிருந்து வாற பிள்ளை? ஏறுங்கோ. ஆறு கிலோமீட்டர்தான்."

ரூபன் அண்ணை. நான்கு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹம்பேர்க்கிலேயே வளர்ந்தவர். தோட்டத்தில் டிராக்டரும் வேனும் அவர் பொறுப்பு. நான் முதலில் அண்ணா என்றேன். இரண்டு நாளில் என் வாயிலும் அண்ணை வந்துவிட்டது.

தோட்டத்துக்காரர் பெயர் பிர்கிட். ஐம்பத்தைந்து வயது, ஒல்லியான உடம்பு, எப்போதும் நீல நிற ரப்பர் பூட்ஸ். கணவரைப் பிரிந்தபின் பதினான்கு ஹெக்டேரைத் தனியாக நடத்துகிறார். கை குலுக்கியதும் முதலில் என் நகத்தைப் பார்த்தார். "வெட்டு" என்றார். நகம் பட்ட ஆப்பிள் மூன்றாம் நாள் கறுக்கும். பழத்தை இழுக்கக் கூடாது, உள்ளங்கையில் ஏந்தி மேலே தூக்கித் திருப்ப வேண்டும். காம்பு பழத்தோடு வர வேண்டும். கூடையில் போடக் கூடாது, வைக்க வேண்டும். முதல் நாள் நான் போட்டேன். போலந்திலிருந்து வந்திருந்த ஆறு பெண்களும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு முட்டை மாதிரித்தான் வைத்தேன்.

இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த ஆறு வாரம் வந்துவிடும். காலை ஏழு மணிக்குப் புல்லில் பனி, முழங்கால் வரை ஈரம். மரங்களுக்குப் பின்னால் ஆற்றின் அணைக்கரை. அதற்கு மேலே, ஆறு கண்ணுக்கே தெரியாமல், கண்டெய்னர் கப்பல் ஒன்று தோட்டத்தின் மீதே நகர்வது போல் போகும். பிற்பகல் மூன்று மணிக்கு எல்லாரும் கொட்டகையில் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து காப்பி. என்ன அவசர வேலையானாலும் மூன்று மணிக் காப்பி நிற்காது. பிர்கிட் அதிகம் பேசமாட்டார், ஆனால் என் கோப்பையில் பால் அதிகம் ஊற்ற வேண்டும் என்பது இரண்டாம் நாளிலிருந்து அவருக்குத் தெரியும். நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கடைசி வெள்ளிக்கிழமைதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஞாயிறு பிர்கிட்டின் பிறந்தநாள், ஐம்பத்தாறு. நானோ சனிக்கிழமை காலை கிளம்ப வேண்டியவள். வாழ்த்தாமல் போவதாவது! மூன்று மணிக் காப்பியின்போது எழுந்து நின்றேன். இரவெல்லாம் மனப்பாடம் செய்த ஜெர்மன் வாக்கியத்தை ஒப்பித்தேன். முன்கூட்டியே என் இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் என்று முடித்து, சுங்குடிப் பொட்டலத்தை நீட்டி, கையும் தட்டினேன்.

என் கைதட்டல் மட்டும் கேட்டது.

போலந்துப் பெண் ஒருத்தி கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். பிர்கிட் மேசைப் பலகையின் அடியில் மூன்று முறை தட்டினார். பிறகு பொட்டலத்தை மெதுவாக என் பக்கம் தள்ளி, "முன்னாடி வேண்டாம், கண்ணு. நாள் வரட்டும்" என்றார். 'கண்ணு' நான் போட்டது. அவர் சொன்னதும் அந்த மாதிரி ஒரு சொல்தான். குரல் அன்பாகத்தான் இருந்தது, முகம் வெளிறியிருந்தது.

வெளியே வந்து ரூபன் அண்ணையைப் பிடித்தேன்.

"என்ன அண்ணை ஆச்சு? எங்க ஊர்ல எல்லாரும் அட்வான்ஸா விஷ் பண்ணுவோமே!"

"ஐயோ தங்கச்சி, இஞ்ச அது ஏலாது. நாள் வரமுந்தி வாழ்த்தினா கெட்டது நடக்குமெண்டு நம்புவினம். அதுதான் அவ மேசையில மூண்டுதரம் தட்டினவ, மரத்தில தட்டினா கெட்டது அண்டாதாம். பிந்திச் சொல்லலாம், ஒரு கிழமை கழிச்சும் சொல்லலாம். முந்தி மட்டும் சொல்லக் கூடாது. நான் சின்னனில டீச்சருக்குச் சொல்லிப்போட்டு, அவவின்ர முகம் போன போக்கு இண்டைக்கும் மறக்கேல்ல."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்கள் கையும் தட்டுவியள் எண்டு எனக்கென்ன தெரியும்?" என்று சிரித்தார்.

அன்று மாலை ஆறு மணி வானிலைச் செய்தியில் சிரிப்பு போய்விட்டது. ஞாயிறு இரவு வருமென்றிருந்த புயல் ஒரு நாள் முந்தி, சனி இரவே கரையைத் தொடுமாம். அணைக்கரை ஓரம் பதினொரு வரிசை பிரேபர்ன் ஆப்பிள் பறிக்காமல் நின்றது. பிந்திப் பழுக்கும் ரகம், அந்த வருடத்தின் கடைசி விளைச்சல். காற்றில் விழுந்த பழம் கடைக்குப் போகாது. ஜூஸ் ஆலைக்குத்தான், அதுவும் அடிமாட்டு விலைக்கு. அந்தப் பதினொரு வரிசைதான் பிர்கிட்டின் குளிர்காலம் என்று அண்ணை சொன்னார். நான் போய்ப் படுத்தேன். முதுகலை படிக்கிறவள், மூடநம்பிக்கை இல்லாதவள். ஆனாலும் இரவில் இரண்டு முறை எழுந்து சன்னலைத் திறந்து காற்றைப் பார்த்தேன்.

சனி காலை ஏழரை. மூட்டை கட்டி வாசலில் நின்றேன். வரிசைகளில் ஆறு பெண்களும் பிர்கிட்டும் மட்டும் குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தார்கள். பிர்கிட் தூரத்திலிருந்தே கையாட்டி, "போ, போ, உன் டெர்மின்!" என்று கத்தினார்.

"அண்ணை, நாளைக்கு ரயில் ஓடுமா?"

"புயலுக்குப் பிறகு ஆர் கண்டது? மரம் தண்டவாளத்தில விழுந்தா ஒண்டும் ஓடாது. டெர்மின் விட்டா அடுத்தது எப்ப கிடைக்குமெண்டும் தெரியாது. யோசிச்சுச் செய்யுங்கோ."

யோசிக்கவில்லை. பையை வேனுக்குள் எறிந்துவிட்டு பூட்ஸை மாட்டினேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நான் நிம்மதியாகப் போயிருப்பேன். இப்போது போக முடியாது. பிர்கிட் ஒரு கூடையை என் பக்கம் நகர்த்தினார்.

அன்று முதன்முதலாக மூன்று மணிக் காப்பி நின்றது. நாலு மணிக்கு மழை தொடங்கியது, ஆறு மணிக்கு ஏணியில் நிற்க முடியாத காற்று. ஏழு வரிசை முடித்திருந்தோம். நான்கு வரிசை மரத்திலேயே நின்றது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு நானும் பிர்கிட்டும் அந்த நான்கு வரிசைக்கு நடுவே நின்றோம். புல் தெரியாமல் சிவப்பாகப் பழம் கிடந்தது. "என்னால்தான்" என்றேன். பிர்கிட் ஒரு பழத்தை எடுத்து, சட்டையில் துடைத்து, கடித்துத் தின்றபடியே பதில் சொன்னார்.

"காற்று வடகடலிலிருந்து வந்தது. உன் வாயிலிருந்து இல்லை." அப்புறம் கொஞ்சம் யோசித்து, "ஆனாலும் இனிமேல் அப்படிச் செய்யாதே" என்றார்.

மெதுவான ரயில் எல்லாம் ரத்து. பதினொன்றரைக்கு ரூபன் அண்ணை கைபேசியை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார். ஹம்பேர்க்கிலிருந்து பெர்லின் வழியாக டிரெஸ்டனுக்கு ஒரே ஒரு விரைவு ரயில், ஒரு மணிக்குக் கிளம்புகிறதாம். எழுபத்தொன்பது யூரோ. என் ஆயுளில் அதற்குமுன் அவ்வளவு வேகமாக நான் பணம் கட்டியதில்லை. வேனில் ஏறினால் நடு இருக்கையில் பிர்கிட் உட்கார்ந்திருக்கிறார், மடியில் ஒரு தகர டப்பாவோடு.

"உங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவார்களே?"

"மூன்று மணிக்குத்தான். காப்பிக்கு."

முறிந்த கிளைகளைச் சுற்றிச் சுற்றி, நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு மணி பத்து நிமிடமானது. நடைமேடையில் ரயில் நின்றிருந்தது. கடைசிப் பெட்டியில் ஏறி, திரும்பி, பொட்டலத்தை நீட்டினேன். ஒப்பித்த வாக்கியம் முழுவதும் மறந்துவிட்டது. "வாழ்த்துகள்" என்று ஒரு சொல்தான் வந்தது. பிர்கிட் என்னைப் பெட்டியின் படியிலிருந்து பாதி இழுத்து அணைத்துக்கொண்டார். "இப்போது சரி" என்றார். கதவு மூடும்போது தகர டப்பா என் கையில் இருந்தது. பிறந்தநாள்காரரேதான் அங்கே எல்லாருக்கும் கேக் செய்து கொடுக்க வேண்டும். பெர்லின் வருவதற்குள் பாதியைத் தின்றுவிட்டேன், ஆப்பிள் கேக், அழுதுகொண்டே.

திங்கள் காலை எட்டு பத்துக்கு அந்த அலுவலகத்தில் என் வேலை ஆறே நிமிடத்தில் முடிந்தது. நகத்துக்கடியில் இன்னும் மண் இருந்தது. அலுவலர் அதைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

இப்போது சென்னையில் வேலை. எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மாலையானால் போதும், சனி ஞாயிறில் பிறந்தநாள் வருகிறவர்களுக்கெல்லாம் அட்வான்ஸ் வாழ்த்து, கேக், கைதட்டல். நானும் போய் நிற்கிறேன். கை மட்டும் தானாக மேசைக்கு அடியில் போய் மூன்று முறை தட்டிவிடுகிறது. நமக்கு, எங்கே சொல்லாமல் விட்டுவிடுவோமோ என்ற பயம். அவர்களுக்கு, எங்கே அந்த நாள் வராமல் போய்விடுமோ என்ற பயம். இரண்டும் பிரியத்தில் வந்த பயம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கொட்டகை, அந்த ஈரப்புல், மரத்துக்கு மேல் போன கப்பல் எல்லாவற்றுக்கும் மனம் ஏங்குகிறது.

வரும் அக்டோபரில் பிர்கிட்டுக்கு அறுபது. விமானச் சீட்டு எடுத்துவிட்டேன், இரண்டு நாள் முந்தியே போய் இறங்குகிறேன், புயல் எதுவும் குறுக்கே வராவிட்டால். இது அச்சாகி வந்ததும் ரூபன் அண்ணை அவருக்கு வரி வரியாக ஜெர்மனில் படித்துக்காட்டுவார். அந்த ஒரு சொல் விரல் நுனிவரை வந்து நிற்கிறது. எழுதமாட்டேன். நாள் வரட்டும்.