முந்திப் போட்ட சாப்பாடு

அன்று பந்தியில் பாயசம் ஊற்றியது அக்காதான். வெட்டுப்பட்ட பக்கத்துக் கையை உடம்போடு அணைத்துக்கொண்டு மறு கையால் கரண்டியைப் பிடித்து இலைக்கு இலை ஊற்றிக்கொண்டே போனார். வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தது நான். "ஒக்காருங்கக்கா, ஒங்களுக்காகப் போடுற சாப்பாடு, நீங்களே பரிமாறுனா எப்படி?" என்று நான் கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை. அக்கா என்கிறேனே தவிர, கூடப் பிறந்தவர் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி. மலாக்கா பக்கத்து ரெம்பியாவில், தாமான் என்கிற குடியிருப்பில், ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தோம். மார்பில் வந்த கட்டியை மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்ததும் நல்லதாய்ப் போயிற்று. நேர்ந்துகொண்டபடி காலையில் கோயிலில் அபிஷேகம், மதியம் வாசலில் கொட்டகை போட்டுச் சாப்பாடு. பழைய எஸ்டேட் ஆட்கள், மாமாவோடு கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் என்று தெரிந்தவர்களை எல்லாம் அழைத்திருந்தோம். மாமா என்பது அக்காவின் கணவர்.

வெட்டி எடுத்த கட்டியைப் பரிசோதித்த முடிவு அப்போது வந்திருக்கவில்லை. அது எங்களில் யாருக்கும் பெரிதாகத் தோன்றவும் இல்லை. கட்டிதான் போய்விட்டதே, போனதைப் பரிசோதித்து இனி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டோம். அவ்வளவு புத்திசாலிகள் நாங்கள்!

முடிவைக் கேட்க அக்காவோடு நான்தான் போனேன். பக்கத்து ஊர் மஸ்ஜித் தானாவில் துணிக்கடையில் வேலை செய்து செய்து எனக்கு மலாய் சரளமாக வரும், வாயும் கொஞ்சம் நீளம். டாக்டர் ஓர் இளம் மலாய்க்காரப் பெண். ஒரு தாளை எடுத்து வட்டம் போட்டு, அதன் ஓரத்தில் பேனாவால் புள்ளி வைத்துக் காட்டினார். எடுத்த சதையின் ஓரம் வரைக்கும் நோய் இருக்கிறது, அப்படியென்றால் உள்ளேயும் கொஞ்சம் தங்கியிருக்கலாம், மறுபடியும் வெட்டத்தான் வேண்டும் என்றார். அதற்கு இரண்டு வழி. மார்பை முழுவதும் எடுத்துவிடலாம். அல்லது ஓரத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டு, கோலாலம்பூரில் சில வாரம் தங்கிக் கதிர்வீச்சு, எங்கள் பேச்சில் கரண்டு, வைத்துக்கொள்ளலாம், அந்த இயந்திரம் மலாக்காவில் இல்லை. அக்குளிலும் நெறிக்கட்டிகளை எடுத்துப் பார்ப்பார்கள், பிறகு மாத்திரை. அக்காவின் நிலைக்கு உயிரைப் பொறுத்தவரை இரண்டு வழியும் ஒன்றுதான், முடிவு உங்களுடையது என்று முடித்தார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா சிரித்துவிட்டார். "நான் முடிவு பண்ணணுமாம்லா. நம்ம வீட்டுல மீன்கொழம்பா சாம்பாரான்னே என்னய யாரும் கேட்டதில்ல." சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மாலையே எங்கள் நாத்தனார் வந்துவிட்டார். கணவன்மார் இருவருக்கும் மூத்தவர், அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணி வந்து உட்கார்ந்தால் நாற்காலிகூட வாய் திறக்காது. "ஊரையே கூப்ட்டுச் சோறு போட்டாச்சி. இப்பப் போயி கோலாலம்பூர்ல கெடந்தா என்னா நெனைப்பாங்க? சாமிக்கு என்னா மரியாத? பேசாம எல்லாத்தயும் எடுத்துட்டு வந்துரு. கொஞ்ச நாள்ல வீட்டுக்கு வந்துரலாம்லா, யாருக்குத் தெரியப்போவுது? பிள்ளைங்களும் வளந்துருச்சிங்க. இந்த வயசுல அத வச்சிக்கிட்டு என்னா பண்ணப்போற?"

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் நாக்கு துறுதுறுத்தது, என் கணவர் கண்ணாலேயே அடக்கினார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேணும் அண்ணி."

"என்னா?"

"எனக்கு வேணும். பால் குடுத்ததோட அதுக்கு வேல முடிஞ்சிருச்சின்னு எனக்குத் தோணல. அது என் ஒடம்பு. டாக்டர் எடுத்தே ஆவணும்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேன். அப்படிச் சொல்லல. கட்டி போவணும்னு வேண்டிக்கிட்டேன், போச்சி, அதுக்குத்தான் சாப்பாடு. மிச்சம் இருக்குன்னு இன்னிக்குத்தான தெரியும்? சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

குரலை உயர்த்தவே இல்லை. மடித்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். இத்தனை வருடம் ஒரே அடுப்பில் சமைத்தும், அவர் 'எனக்கு வேணும்' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஒரு புடவைக்குக்கூடச் சொன்னதில்லை. அடியம்மா, இவ்வளவு நாள் இதையெல்லாம் எங்கே வைத்திருந்தார் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். மாமா தொண்டையைச் செருமினார். "கம்பெனியில லீவு குடுப்பாங்களான்னு நாளைக்குக் கேக்குறேன்" என்றார். அவருக்கு அதுவே பெரிய பேச்சு. அண்ணி காப்பியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் அக்கா எதையும் ஒளிக்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் விசாரித்தவர்களிடம், "இன்னும் கொஞ்சம் இருக்காம், வெட்டிட்டுக் கரண்டு வைக்கப் போறேன்" என்று சந்தைக்குப் போகிற மாதிரி சொன்னார். சாப்பிட்டவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு மைலோ மாவு டின்னும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து நின்றார்கள். மலாக்காவில் மறுபடியும் வெட்டினார்கள். இந்தத் தடவை எடுத்ததில் ஓரம் சுத்தமாக இருந்தது, அக்குளிலும் ஒன்றும் இல்லை. கோலாலம்பூரில் என் தம்பி வீட்டில் தங்கி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். மார்பில் மையால் கோடு போட்டிருந்தார்கள், அது அழியாமல் குளிப்பதற்குள் அவர் பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். தோல் கறுத்து எரிந்தது. சாயங்காலமானால் எழ முடியாத அசதி. ஒரு நாள் போனில் அழவும் செய்தார். வந்துவிடுங்கள் என்று நானும் அழுதேன். மறுநாளும் போனார்.

இன்று அக்காவும் அண்ணியும் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். செக்கப்புக்கு இருவரும் ஒன்றாகத்தான் போகிறார்கள், வழியெல்லாம் சண்டைதான். இருவரும் என்றேனே, அதைச் சொல்ல வேண்டும்.

அக்கா கோலாலம்பூரிலிருந்து வந்த அடுத்த வாரம், அண்ணி தனியாக வந்தார். யாராவது காரில் கொண்டுவந்து விட்டால் மட்டுமே வருகிறவர் அன்று பஸ்ஸில் வந்திருந்தார். நேராக அடுப்படிக்கு வந்தார். நாங்கள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம். என்னைப் போகச் சொல்வார் என்று எழப்போனேன், சொல்லவில்லை. அக்காவின் கையைப் பிடித்து, மீன் வாடையோடு அப்படியே தன் ரவிக்கையின் ஓரத்தில் வைத்து அழுத்தினார்.

"அன்னிக்கு ஒன்கிட்ட அப்படிப் பேசுனப்பவே இருந்திச்சி" என்றார். "எனக்கும் எடுக்காமப் பாப்பாங்களா?"

அக்கா கையை எடுக்கவில்லை. "தெரியல அண்ணி. நாளைக்கு மொத பஸ்ஸுல போவோம். நீங்களே கேளுங்க, நான் பக்கத்துல இருக்கேன்."