இங்கிலீஷ்காரியின் ஏழு கடிதங்கள்

எங்கள் வீட்டுக்கு வருகிற கடிதங்களைத் திறக்கும் உத்தியோகம் ஒன்பது வயதிலேயே எனக்குக் கிடைத்துவிட்டது. பலெர்மோ என்ற இத்தாலிய நகரத்தின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில், மூன்றாம் மாடியில், சந்தையின் கூச்சல் சன்னலால் ஏறி வந்து சோற்றுப்பானைக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் வீடு. அப்பா உணவகமொன்றில் கோப்பை கழுவினார். அம்மா மாளிகையொன்றில் வீட்டு வேலை செய்தார். இருவருக்கும் இத்தாலியப் பேச்சு வந்தது, எழுத்து வரவில்லை; பள்ளிக்கூடம் போகிற எனக்கு வந்தது. ஒருமுறை எங்கள் வதிவிட அனுமதி பற்றி வந்த கடிதமொன்று கலண்டருக்குப் பின்னால் மூன்று கிழமை திறக்கப்படாமல் கிடந்து, போகவேண்டிய நாள் தவறிப்போய், அப்பா சாப்பாடு இறங்காமல் திரிந்தார். அன்றிலிருந்து வீட்டில் ஒரே சட்டம்: கடிதத்தைக் கண்டால் திற. சப்பாத்தைக் கழற்ற முன்னமே திற.

சனிக்கிழமைகளில் அம்மா என்னையும் வேலைக்குக் கூட்டிப்போவார். மாளிகைக்குச் சொந்தக்காரி சிஞ்ஞோராவுக்கு எண்பது வயது. பதினொரு அறை, ஒரு ஆள். அம்மாவின் பெயர் வாயில் நுழையாததால் மரியா என்று கூப்பிடுவார். அம்மா வெள்ளிக் கரண்டிகளைத் துலக்க, சிஞ்ஞோரா என்னைக் கூடத்துக்குக் கூட்டிப்போய்ச் சுவரில் தொங்கிய பெரிய படத்தைக் காட்டிக் கதை சொல்லுவார். வெள்ளை மெல்லிய சட்டை, மார்புக்குக் கீழே கட்டிய நாடா, காலடியில் ஒரு நாய், யாரையும் பொருட்படுத்தாத ஒரு மூக்கு. அவள்தான் இங்கிலீஷ்காரி. அந்தக் குடும்பத்தின் மூத்த வேர்.

ஜோர்ஜ் என்ற பெயரிலேயே ராசாக்கள் ஒருவர்பின் ஒருவராக இங்கிலாந்தை ஆண்ட காலம். பிரபு ஒருவரின் மகள். பத்தொன்பது வயதில், கடற்படை அதிகாரியான அண்ணனோடு பலெர்மோ பார்க்க வந்தவள், திரும்பிப்போகிற கப்பலில் ஏறவில்லை. பாரோன் பட்டம் பெற்ற இந்த ஊர்ப் பிரபு ஒருவரின் இளைய மகனை, அதுவும் ஒரு கத்தோலிக்கனை, கட்டிக்கொண்டாள். அங்கே தகப்பன் குடும்ப வேதப்புத்தகத்தில் அவள் பெயரை மையால் அடித்தார். இங்கே அவள் ஏழு பிள்ளை பெற்றாள், மூன்று தங்கியது. மன்னிப்புக் கிடைக்காமலே செத்துப்போனாள். இந்த இடத்தில் சிஞ்ஞோரா கைலேஞ்சியால் கண்ணைத் துடைப்பார். ஒவ்வொரு கார்த்திகையும் அவள் ஆத்துமாவுக்காக அந்தக் குடும்பம் பூசை ஒப்புக்கொடுத்து வந்தது. படத்துக்காரியின் மூக்கைப் பார்த்தால் அழுதவள் மாதிரித் தெரியாது. நான் சொல்லவில்லை.

பெட்டியைப் பற்றி மட்டும் எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை தூசி தட்டுவதற்காக அம்மா அதை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வாளிக்குத் தண்ணி எடுக்கப் போனார். மூடியைத் தூக்கினேன். ஏழு கடிதங்கள். ஏழும் மடித்தபடி, சிவப்பு அரக்கு உடையாமல். ஏழு கடிதம்! எத்தனை நாள் தவறிப்போயிருக்கும்! பாவம் சிஞ்ஞோரா, திறந்து வாசித்துச் சொல்ல வீட்டில் ஒரு பிள்ளை இல்லை. வெண்ணெய்க் கத்தியை எடுத்தேன். அரக்கு பனங்கட்டி மாதிரி மளுக்கென்று உடைந்தது.

உள்ளே இத்தாலியன் இல்லை. எழுத்து நெடுக்காக ஓடியது. தாள் முடிந்ததும் அதன் மேலேயே குறுக்காகவும் ஓடியது, பாய் பின்னினதுபோல. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்க, அம்மா வாளியோடு வந்தார்.

"எடியே, என்னடி செய்தனி?"

வாளி சரிந்து தண்ணி கம்பளம் வரைக்கும் ஓடியது. அடுத்த மாதம் எங்கள் பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்கவேண்டும். சிஞ்ஞோரா வேலைப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தால்தான் நாங்கள் இந்த ஊரில் இருக்கலாம். அதுவரைக்கும் ஒரு கோப்பைகூட உடையக்கூடாதென்று அம்மா பூனைபோல நடந்து திரிந்த நாட்கள் அவை.

சத்தம் கேட்டுச் சிஞ்ஞோரா பொல்லை ஊன்றிக்கொண்டு வந்தார். உடைந்த அரக்கைப் பார்த்தார். கதிரையில் இருந்துவிட்டார். பிறகுதான் மெல்லிய குரலில் சொன்னார்: இங்கிலீஷ்காரி தகப்பனின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் எழுதியவை. தகப்பன் வாங்காமல் திருப்பியனுப்பியவை. எட்டாம் வருடம் தகப்பன் செத்துவிட்டார். இருநூறு வருடமாக இந்த வீட்டில் ஒருவரும் தொடவில்லை. "அவள் தன் அப்பாவுக்கு எழுதினது. திறக்க நாங்கள் யார்?"

"திறக்காமல் வைச்சால் நாள் தவறிப்போயிடுமே," என்றேன் நான்.

அம்மாவின் விரல்கள் என் தோளில் இறுகின. "வாயை மூடு பிள்ளை."

பிறகு சிஞ்ஞோரா தாளை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். இங்கிலீஷ்காரியின் வம்சத்தில் இங்கிலீஷ் எப்போதோ வற்றிப்போயிருந்தது.

"என்ன எழுதியிருக்கிறாள்?" என்றார், யாரையும் கேட்காமல்.

அம்மா கையை ஏப்ரனில் துடைத்தார். நாங்கள் விட்டுவந்த ஊரில், தீவுப் பள்ளிக்கூடமொன்றில், அவர் ஆறு வருடம் இங்கிலீஷ் படிப்பித்தவர். அதை இந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தாளை வாங்கி சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நெடுக்காக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை, ஒரே மூச்சில் கண்ணை ஓட்டினார். வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன்.

"மன்னிப்பெண்டு ஒரு சொல்லுகூட இல்லை சிஞ்ஞோரா. தன்ரை குதிரைச் சேணத்தை அனுப்பச் சொல்லிக் கேக்கிறா. இஞ்சத்தைச் சேணம் ஆடுகளுக்குத்தான் சரியாம். மற்றது, மத்தி மீனுக்கை முந்திரிகை வத்தல் போடுறாங்களாம், முதல் நாள் துப்பிப்போட்டாவாம், இப்ப அதில்லாமல் சோறு இறங்குதில்லையாம். மூத்தவன்ரை முகத்திலை உங்கடை நாடி அப்பா, அதை என்னால் திருத்தேலாது, எண்டு எழுதியிருக்கிறா."

சிஞ்ஞோரா படத்தை நிமிர்ந்து பார்த்தார். பொல் விழுந்தது. அந்தக் கிழவி அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. "இருநூறு வருடப் பூசை!" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மரியா, இருநூறு வருடப் பூசை!"

பத்திரத்தில் கையெழுத்து விழுந்தது. ஆனால் தண்டனை இல்லாமல் போகவில்லை என்றுதான் நான் எண்ணினேன். அடுத்த சனிக்கிழமை போனால், அம்மாவுக்குச் சன்னலோரம் கதிரை போட்டிருந்தது. அம்மா நாலு வருடமாகக் கழுவி மட்டும் வைத்த பொன்விளிம்புக் கோப்பையில், சிஞ்ஞோரா தானே கோப்பி ஊற்றிக் கொண்டுவந்தார். துலக்குவதும் துடைப்பதும் பிறகு, முதலில் வாசிக்கவேண்டும். என் குற்றத்துக்கு அம்மாவைப் பள்ளிக்கூடப் பிள்ளைபோல இருத்தி வாசிக்க வைத்துவிட்டார்களே என்று நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன்.

அதைவிட மோசம், அம்மாவால் வாசிக்கவும் முடியவில்லை. அரைப் பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் எடுத்தார். ஒரு வரி சொல்லுவார். கோப்பி ஒரு வாய் குடிப்பார். வெளியே எலுமிச்சை மரத்தைப் பார்ப்பார். "குறுக்கெழுத்து சிஞ்ஞோரா, கண்ணுக்குப் பிடிபடுதில்லை. மிச்சத்தை வாற கிழமை பாப்பம்." சிஞ்ஞோராவும் "அவசரமில்லை, அவசரமில்லை," என்று இன்னொரு கோப்பி ஊற்றுவார். இப்படியே ஏழு கடிதமும் முடிய அடுத்த உயிர்த்த ஞாயிறு வந்துவிட்டது.

"அம்மாவுக்கு இங்கிலீஷ் எல்லாம் மறந்துபோச்சு," என்று, இரண்டாம் கடிதத்தில் நிற்கும்போதே, அப்பாவிடம் ரகசியமாகச் சொன்னேன். அப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "ஓம் பிள்ளை, பாவம் என்ன," என்றார், தலையை நிமிர்த்தாமல்.

அந்தக் கிழமை ஞாயிறு கோயிலில் அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். அவருடைய இங்கிலீஷ் கெதியாகத் திரும்பி வரவேண்டும், அந்தக் கதிரையிலிருந்து அவர் கெதியாக எழும்பவேண்டும் என்று, முழங்காலில் நின்று, மனமுருகி மன்றாடினேன்.